கம்பெனி வண்டியிலிருந்து சொந்த லாரிக்கு: ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல்லில் லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. டிரிப் முடித்து ரசீதுகளைக் கொடுக்க வரும் ஓட்டுநர் உடனே கிளம்பாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் சொந்த வண்டியில்தான் போய் முடியும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கில் வரும் வாடகை, டீசல், தவணைத் தொகைகள் மாதிரிக்குப் போட்டவை. உங்கள் தடத்துக்கும் உங்கள் வண்டிக்கும் உரிய எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டிரிப்புக்கு முதலாளி தொண்ணூறாயிரம் வாடகை வாங்குகிறார். ஓட்டுகிற எனக்குச் சில ஆயிரம்தான் கிடைக்கிறது. நானே வண்டி வாங்கினால் அந்தப் பணமெல்லாம் எனக்குத்தானே?

வரவு உங்கள் கண் முன்னால் நடக்கிறது, செலவில் பாதி உங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போய், திரும்பும்போது வேறு சரக்கோடு வரும் ஒரு பத்துச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். போகவர 2,000 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து வாடகை 90,000 ரூபாய். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் டீசல் 500 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் வீதம் 46,000 போய்விடும். சுங்கம் 9,000, புரோக்கர் கமிஷன் 3,000, ஏற்று இறக்குக் கூலி, எடை மேடை, சாப்பாடு, வழிச்செலவு 5,000. மிச்சம் 27,000. இதுவரை ஓட்டுநருக்கும் தெரியும்.

டயர் தேய்மானத்துக்கும் பராமரிப்புக்கும் கிலோமீட்டருக்கு 6 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். அதில் 12,000 போனால் நிற்பது 15,000. இந்தப் பதினைந்தாயிரத்திலிருந்துதான் வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), உங்கள் சம்பளம் எல்லாம் வர வேண்டும்.

அப்படியானால் மாதம் எத்தனை டிரிப் ஓட்டினால் கட்டுப்படியாகும்?

பழைய வண்டி ஒன்றை 18 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், 5 லட்சம் கையிலிருந்து போட்டு 13 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு 14 சதவீதக் குறையும் வட்டியில் (கட்டியது போக மீதி அசலுக்கு மட்டும் போடும் வட்டி) தவணை மாதம் சுமார் 35,500. இன்ஷூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. உங்கள் ஓட்டுநர் சம்பளம் 25,000. ஆக 70,500.

டிரிப்புக்கு 15,000 வீதம் ஐந்து டிரிப் ஓடினால் 75,000. எல்லாம் போக 4,500 மிஞ்சும். நான்கு டிரிப் மட்டும் ஓடினால் 60,000 தான் வரும், துண்டு விழுவது 10,500. ஃபைனான்ஸ்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார், எனவே அது உங்கள் சம்பளத்தில்தான் விழும். முதலாளி என்ற பெயரோடு மாதம் 14,500 ரூபாய்க்கு வண்டி ஓட்டியிருப்பீர்கள்.

70,500-ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளுக்கு 2,350 ரூபாய் செலவாகிக்கொண்டே இருக்கிறது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டிவையுங்கள். கீழே பல பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும். வாடகை பேசும் திறமையைவிட, வண்டி நிற்கும் நாட்களைக் குறைக்கும் திறமைதான் தனி வண்டிக்காரரைக் காப்பாற்றுகிறது என்பது நான் கணக்குகளில் கண்டது.

நான் ஓட்டுகிற வண்டிக்கு எனக்கே எதற்குச் சம்பளம் எழுத வேண்டும்?

வீட்டுக்கு அரிசி வாங்கியாக வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. சம்பளத்தைத் தனியாக எழுதாவிட்டால் வண்டி சம்பாதிக்கிறதா, நீங்கள் சம்பாதிப்பதை வண்டி சாப்பிடுகிறதா என்பது கடைசிவரை தெரியாது. ஒன்றாம் தேதி 25,000-ஐ வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். வண்டிக்கு வங்கியில் தனிக் கணக்கு இருக்கட்டும். டீசல், ஃபாஸ்டேக், தவணை மூன்றும் அதிலிருந்தே போகட்டும்.

கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. வண்டி எடுத்துவிடலாமா?

முன்பணம் கட்ட அது போதும், தொழில் நடத்தப் போதாது. பழைய வண்டி வாங்கியதும் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், இரண்டு மூன்று டயர், சில்லறை வேலைகள் என்று ஒரு லட்சமாவது இழுக்கும். வாடகை பாக்கி கைக்கு வருவதற்குள் அடுத்த டிரிப்புக்கு டீசல் அடித்தாக வேண்டும். மேலே உள்ள மாதிரியில் ஒரு டிரிப்பின் வழிச்செலவே 63,000, ஆகவே இரண்டு டிரிப்புக்கான பணம் சுழற்சியில் வேண்டும். இன்ஜின் வேலை வந்து ஒரு மாதம் பட்டறையில் நின்றாலும் தவணை தவறாமலிருக்க மூன்று மாதத் தவணையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். முன்பணத்துக்கு மேல் மூன்றரை லட்சம் இல்லாமல் பத்துச் சக்கர வண்டியில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஐந்து லட்சம்தான் இருக்கிறது என்றால் சிறிய வண்டியில் தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. டயரும் இன்ஷூரன்ஸும் குறைவு, இரவு வீட்டுக்கு வரலாம்.

கம்பெனி வேலையை எப்போது விடுவது? விடும்போது என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

வண்டி உங்கள் பெயருக்கு மாறி, பர்மிட் கைக்கு வந்து, முதல் லோடு பேசியான பிறகு விடுங்கள். வண்டி பார்க்க, கடன் பேச, ஆர்.டி.ஓ. அலுவலகம் அலைய என்று இரண்டு மூன்று மாதம் போகும். அந்தக் காலத்தில் சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும்.

வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால் அதற்கான யு.ஏ.என். எண்ணில் ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் பணிக்கொடை கேட்கும் உரிமை உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒன்பதரை ஆண்டில் நிற்பவர் கணக்கைப் பார்க்காமல் வேலையை விட்டுவிடக் கூடாது. எத்தனை ஆண்டு எந்த வண்டி ஓட்டினீர்கள் என்று அனுபவச் சான்றும் கேட்டு வாங்குங்கள். கடன் கொடுப்பவர் அதைப் பார்ப்பார்.

புது வண்டியா, பழைய வண்டியா?

புது லாரிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். கோடையில் நாக்பூர் பக்கம் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். புது வண்டி என்றால் முதல் சில ஆண்டுகள் பெரிய வேலை வராது, நிற்கும் நாள் குறைவு. ஆனால் தவணை இரண்டு மடங்கைத் தாண்டலாம். நிரந்தர லோடு ஒப்பந்தம் கையில் இல்லாமல் முதல் வண்டியைப் புதிதாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய வண்டியில் ஐந்து முதல் எட்டு ஆண்டு வயதுக்குள் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் டீசல் போக, புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்தையும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும், சென்சார் கோளாறு வந்தால் சாதாரணப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4 வண்டியை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிப்பார், ஆனால் வயது ஏற ஏறப் பர்மிட் சிக்கல் வரும். அதைப் பர்மிட் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பழைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்? எல்லா வண்டியும் பெயின்ட் அடித்துப் பளபளவென்றுதான் நிற்கிறது.

பெயின்டைப் பார்க்காதீர்கள், கீழே படுங்கள். பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் நெடுகக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். வெல்டிங் வைத்த இடம் மேடு தட்டும். அதிகப்படியான பாரம் ஏற்றி ஏற்றி விரிசல் விட்டு, தகடு வைத்து ஒட்டிய வண்டி அது. ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தாலும் காரணம் கேளுங்கள். ஸ்பிரிங் கட்டில் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அந்த வண்டி எப்படிப்பட்ட லோடு இழுத்தது என்பது புரிந்துவிடும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கர டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சிலோ கிங்பின்னிலோ வேலை இருக்கிறது. நம்பகமான மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது.

பேப்பரில் எதைச் சரிபார்ப்பது?

அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. (பதிவுச் சான்று), வரி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பர்மிட் தேதிகளையும் பாக்கி இ-சலான்களையும் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் ஒப்பிடுங்கள். பழைய ஃபைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. தடையில்லாச் சான்றும், கடன் நீங்கியதைக் காட்டும் படிவம் 35-உம் கைக்கு வர வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28 தனி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது.

பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், உங்கள் வண்டிக்கான சேதத்தைக் கேட்க வழியில்லாமல் போகும். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கைப் பிரித்துவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.

ஃபைனான்ஸ்காரர் ஒருவர் எட்டு சதவீத வட்டிக்கே கடன் தருகிறேன் என்கிறார். வங்கியில் பதினான்கு சொல்கிறார்கள். எட்டு நல்லதுதானே?

எட்டு என்பது ஃபிளாட் வட்டி. 13 லட்சத்துக்கு எட்டு சதவீதம் வீதம் நான்கு ஆண்டுக்கு 4,16,000 வட்டி. அசலோடு சேர்த்து 48 மாதத்தால் வகுத்தால் தவணை 35,750. மேலே 14 சதவீதக் குறையும் வட்டியில் வந்தது 35,500. அதாவது அவருடைய எட்டு வங்கியின் பதினான்கைவிடச் சற்று அதிகம். மாதம் மாதம் அசல் குறைந்துகொண்டு வந்தாலும், ஃபிளாட் முறையில் முழு 13 லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி போடுகிறார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முன்கூட்டியே கடனை முடித்தால் என்ன கட்டணம், தவணை தாமதமானால் என்ன அபராதம் என்ற இரண்டு வரிகளையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நேஷனல் பர்மிட் அவசியமா? அதில் என்ன கட்டுப்பாடு?

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டுவதென்றால் தேவையில்லை. வெளிமாநிலம் போவதென்றால் அதுதான் வழி. 2010-இல் வந்த திட்டப்படி மாநிலவாரியாக வரி கட்டாமல் ஒரே தொகையாக ஆண்டுக்கு 16,500 ரூபாயும், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாயும் கட்ட வேண்டும்.

வயது வரம்பு உண்டு. இரண்டு அச்சு லாரிக்கு 12 ஆண்டு, அதற்கு மேல் அச்சுள்ளவற்றுக்கு 15 ஆண்டு. பதினோரு வயது வண்டியை மலிவாகத் தருகிறார்கள் என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வேறொரு மாநிலத்துக்குள் ஏற்றி அதே மாநிலத்துக்குள் இறக்கக் கூடாது. புனேயில் சும்மா நிற்கிறோமே என்று நாசிக்குக்கு ஒரு லோடு அடிக்க முடியாது.

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டால் பாதிப் பணம் மிச்சமாகுமே?

கடன் உள்ள வண்டிக்கு ஃபைனான்ஸ்காரரே விடமாட்டார். கடன் இல்லாவிட்டாலும் வேண்டாம், அது அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022-இல் அறிவித்தபடி 20 டன்னிலிருந்து 40 டன் வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 43,950 ரூபாய். பெரிய தொகை அதிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் சிறிது கட்டினால் உங்கள் பிழைப்பே ஆன வண்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

கம்பெனியில் இருந்தவர்கள் மறந்துபோகும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியராக இருந்தபோது விபத்து நடந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு இருந்தது. இப்போது நீங்களே உரிமையாளர், நீங்களே ஓட்டுநர். வேறொரு ஓட்டுநருக்கோ கிளீனருக்கோ எடுக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாதுகாப்பு உங்களுக்குச் சேராது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் தனியாக எடுங்கள், இ.எஸ்.ஐ. இனி இருக்காது.

லோடு எங்கே கிடைக்கும்? எனக்கு யாரையும் தெரியாதே.

உங்களுக்குத் தெரிந்ததைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். எந்த ஆலையில் மாலை நான்கு மணிக்கு மேல் கேட் அடைப்பார்கள், எந்தக் கிடங்கில் இறக்க இரண்டு நாள் ஆகும், எந்தப் புரோக்கர் சொன்ன வாடகையைக் கொடுப்பார் என்பதெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியும், பணத்தோடு மட்டும் வருபவருக்குத் தெரியாது. அதுதான் உங்கள் முதல். வேலையில் இருக்கும்போதே ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதத் தொடங்குங்கள்.

பிறகு ஒரே தடத்தைப் பிடியுங்கள். நாமக்கல் பகுதிக்கு இயல்பாகவே இரு பக்கச் சரக்கு உண்டு. சேலம், ஆத்தூர் ஜவ்வரிசி வடக்கே போகிறது. கோழிப் பண்ணைகளுக்கான மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும், சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்தும் இங்கே வருகின்றன. இரண்டு பக்கமும் தெரிந்த புக்கிங் அலுவலகம் இருந்தால் வண்டி நிற்காது. கைபேசிச் செயலிகளில் லோடு பார்ப்பதில் தவறில்லை, ஆனால் முன்பின் தெரியாதவர் 'முதலில் பதிவுப் பணம் அனுப்புங்கள்' என்றால் அந்த லோடு வேண்டாம்.

திரும்பி வரும்போது வாடகை மிகக் குறைவாகச் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, காலியாக வரலாமா?

2,350-ஐ எடுங்கள். மூன்று நாள் காத்திருந்தால் 7,000 ரூபாய் போய்விட்டது, சாப்பாடு தனி. காத்திருப்பதால் வாடகை அதைவிடக் கூடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் காத்திருங்கள். காலியாக வந்தாலும் டீசலும் சுங்கமும் உண்டு. லோடு ஏற்றினால் கூடுவது கொஞ்சம் டீசல், கூலி, கமிஷன். அந்தக் கூடுதல் செலவைத் தாண்டி எவ்வளவு கிடைத்தாலும் காலியாக வருவதைவிட மேல்தான்.

ஒரே விதிவிலக்கு, ஏற்றவும் இறக்கவும் நாள் கடத்தும் சரக்கு. வாடகை பேசும்போதே, இறக்கும் இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்றால் நாளுக்கு இவ்வளவு ஹால்டிங் (நிற்பதற்கான கூலி) என்று பில்டியிலோ (சரக்கு ஏற்றியதற்கான சீட்டு) வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதி வாங்குங்கள். தீவன ஆலை வாசலில் ஈரப்பதம் பார்ப்பதற்காக வண்டிகள் வரிசையில் நிற்கும். சரக்கில் ஈரம் இருந்தால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள வழக்கு. ஆனால் அது தீரும்வரை தார்ப்பாய் போட்ட வண்டியோடு நிற்பவர் நீங்கள், ஆகவே அந்த நாளுக்கும் கூலி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எல்லோரும் அதிக லோடு ஏற்றுகிறார்கள். நான் மட்டும் அளவாக ஏற்றினால் எப்படிக் கட்டுப்படியாகும்?

2018 ஜூலையிலேயே அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்திவிட்டார்கள். இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5 ஆகவும், மூன்று அச்சுக்கு 25-லிருந்து 28.5 ஆகவும் கூடியது. பழைய வண்டி என்றால் ஆர்.சி.யில் எந்த எடை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், செல்லுபடியாவது அதுதான்.

அதற்கும் மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஐந்து டன் அதிகம் என்றால் 30,000. டன்னுக்கு 2,600 வாடகை என்றால் அந்த ஐந்து டன்னில் கிடைப்பது 13,000. மிகுதிச் சரக்கை இறக்கி வைக்கும் செலவும், அதற்காக நிற்கும் நாளும் மேலே. கம்பெனியில் இருந்தபோது சலான் முதலாளிக்குப் போனது. டயர் வெடிப்பதும் பிரேக் பிடிக்காமல் போவதும் இதே பாரத்தால்தான். எடை மேடை ரசீது இல்லாமல் ஏற்றுமிடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.

ரீட்ரேட் டயர் போடலாமா?

தேய்ந்த டயரில் புது மேற்பட்டை ஒட்டிய இந்த டயரைப் பின் சக்கரங்களுக்குப் போடலாம், அடியிலுள்ள பழைய டயர் உடல் (கேசிங்) நல்லதென்றால் நன்றாகவே ஓடும். முன் சக்கரத்துக்கு வேண்டாம்.

ஈவே பில் சரக்குக்காரர் வேலைதானே? நான் ஏன் பார்க்க வேண்டும்?

தப்பு யாருடையதாக இருந்தாலும் பிடித்து நிறுத்துவது வண்டியை. அபராதம் கட்டி விடுவிக்கும்வரை உங்கள் நாட்கள் போகும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈவே பில் எனும் ஜிஎஸ்டி இணையச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு ஒரு லட்சம். அதில் உங்கள் வண்டி எண் சரியாக இருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் செல்லுபடிக் கணக்கு.

வழியில் வண்டி பழுதாகி நாள் கடந்துபோகும் என்று தெரிந்தால் உடனே டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்குச் சொல்லி நீட்டிக்கச் சொல்லுங்கள். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பும், எட்டு மணி நேரம் பின்பும் மட்டும்தான் அது முடியும். வேறு வண்டிக்கு மாற்றி ஏற்றினால் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? வருமான வரி எப்படி?

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்தில், பில்டி போடும் ஏஜென்சிக்கும் கூரியருக்கும்தான் ஜிஎஸ்டி. வண்டியை வாடகைக்கு ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. ஆகவே நீங்கள் சொந்தப் பெயரில் பில்டி போடாதவரை கவலை வேண்டாம். போட்டால் வரியோடு சரக்குக்கான பொறுப்பும் உங்கள் தலையில் வரும்.

வருமான வரியில், பல ஆண்டுகளாக 44 ஏ.இ. என்று அறியப்பட்ட எளிய முறை பத்து வண்டிவரை வைத்திருப்பவருக்கு உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று கொள்வார்கள். 28.5 டன் வண்டிக்கு ஆண்டுக்கு 3,42,000. பேரேடு எழுதிக் காட்டத் தேவையில்லை. இந்த அளவுக்கு வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள், அடுத்த கடனுக்கு உதவும். வாடகை தரும் நிறுவனத்திடம் பான் எண்ணையும், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியையும் எழுதிக் கொடுத்தால் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள்.

பாக்கி வாடகையைத் தராமல் இழுக்கிறார்கள். என்ன செய்வது?

அட்வான்ஸை டீசலுக்கும் சுங்கத்துக்கும் போதுமான அளவு வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். இறக்கியதும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள டெலிவரி ரசீதைப் படம் எடுத்து அப்போதே அனுப்புங்கள், அசலை ஒப்படைக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். 'ரசீது வந்து சேரவில்லை' என்பதுதான் பாக்கியைத் தள்ளிப்போட வழக்கமாகச் சொல்லும் காரணம்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். குறுந்தொழில் என்று பதிவான பின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி நிலுவையை 45 நாளுக்குள் தர வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. தராவிட்டால் அரசின் இணையத்தளத்தில் புகார் செய்யலாம். நிறுவனங்களிடம் இது எடுபடும். துண்டுச்சீட்டில் வாடகை பேசும் புரோக்கரிடம் எடுபடாது, அவரிடம் பாக்கி சேரவிடாமல் இருப்பதுதான் வழி.

என் பழைய கம்பெனியே என் வண்டியைத் தன் லோடுகளுக்கு அட்டாச் செய்துகொள்கிறேன் என்கிறது. சேரலாமா?

முதல் வண்டிக்கு நல்ல வாய்ப்புதான், லோடு தேட வேண்டியதில்லை. சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். மாதம் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் ஓட்டம் தருவார்கள்? டீசல் விலை ஏறினால் வாடகை எப்படி ஏறும்? எத்தனை நாளில் பணம்? சரக்குச் சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? குறைந்தபட்ச ஓட்டம் எழுதாத ஒப்பந்தத்தில், சீசன் மந்தமானால் முதலில் நிறுத்தப்படுவது உங்கள் வண்டிதான், அவர்களுடைய சொந்த வண்டி முதலில் ஓடும். அறுபது நாள் கடன் என்றால் மேலே சொன்ன சுழற்சிப் பணம் இரண்டு டிரிப்புக்குப் போதாது. இரண்டு மாத ஓட்டத்துக்கு வேண்டும்.

ஐந்து டிரிப் என்று கணக்குப் போட்டீர்கள். ஒரே ஆள் மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்ட முடியுமா?

சில மாதம் ஓட்டலாம், ஆண்டு முழுவதும் கூடாது. சொந்த வண்டி வந்ததும் தூக்கத்தைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம். 'நின்றால் 2,350 போய்விடும்' என்று நினைத்து விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டாதீர்கள். அந்த எண் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் வீணாகும் நாட்களைக் குறைக்க, உறக்கத்தைக் குறைக்க அல்ல.

ஒருவராக ஓட்டினால் நான்கு டிரிப்பில் கட்டுப்படியாகும்படி கடனைச் சிறிதாக்குங்கள். தவணை 25,000-க்குள் இருந்தால் மாதிரிக் கணக்கின் நான்கு டிரிப்பே சரிக்கட்டிவிடும். உரிமம் உள்ள தம்பியோ மைத்துனரோ மாற்றி ஓட்டினால் அவருக்கும் சம்பளம் எழுதுங்கள். உறவு என்று எழுதாமல் விட்டால் கணக்கும் கெடும், உறவும் கெடும்.

இரண்டு தவணை நின்றுவிட்டது. வண்டியைத் தூக்கிவிடுவார்களா?

நிற்பதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், தவணைக் காலத்தை நீட்டித்துத் தொகையைக் குறைக்க அப்போதுதான் இடமிருக்கும். வண்டியை எடுப்பதற்கு முன் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதி. வழியில் மறித்தால் அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். லோடோடு நிற்கும் வண்டி என்றால் சரக்குக்காரருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

நட்டம்தான் என்று தெரிந்த பிறகும் எத்தனை மாதம் பார்க்கலாம்? திரும்பக் கம்பெனிக்குப் போனால் ஊரில் என்ன சொல்வார்கள்?

ஊர் உங்கள் தவணையைக் கட்டாது. ஆடி மாத மந்தமும் மழைக்கால மந்தமும் எல்லோருக்கும் உண்டு, அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சீசன் மாதங்களையும் சேர்த்து ஆறு மாதக் கணக்கில் உங்கள் சம்பளம் முழுதாக வரவில்லை என்றால் இரண்டு எண்களை எழுதுங்கள்: இன்று வண்டியை விற்றால் என்ன விலை, இன்று கடனை முடிக்க என்ன தொகை. விலை பெரிதாக இருக்கும்போதே விற்றால் முன்பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும். காத்திருந்தால் பெரும்பாலும் விலை கடனைவிட வேகமாக இறங்கும், அதிலும் எஃப்.சி. தேதி நெருங்க நெருங்க வாங்குபவர் அடித்துப் பேசுவார். எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும் வரும். அந்த எல்லைக்கு முன்பே விற்பது நல்லது.

விற்கும்போது, வாங்கியபோது பார்த்த அதே கவனம் வேண்டும். பணம் வந்துவிட்டதே என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. மாறாமல் விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ.வில் சேர்த்து ஒப்புகை வாங்குங்கள். பரிவாகன் தளத்தில் புதிய பெயர் வரும்வரை விலையில் ஒரு பகுதியையும் அசல் ஆவணங்களின் நகலையும் கையில் வைத்திருங்கள். உங்கள் ஃபாஸ்டேக்கை அன்றே மூடச் சொல்லுங்கள்.